வெளியிலிருந்து திறக்காத பூட்டு

என் வீட்டுக்காரருக்கு வெளியே இருக்கிற பெயர் பூட்டுக்காரர். அப்பா அம்மா வைத்த பெயரைச் சொல்லித் தேடி வந்தால் எங்கள் தெருவிலேயே பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். முப்பத்தோரு வருடமாக ஒரே கடை, பத்தடிக்குப் பன்னிரண்டடி. இடது பாதியில் அவரும் அவருடைய சாவிகளும், வலது பாதியில் கல்யாணமான நாளிலிருந்து நானும் என் தையல் மிஷினும். அவர் அரம் தேய்க்கிற சத்தம் எனக்குக் கேட்கும், என் வாய்ச் சத்தம் அவருக்குக் கேட்கும். இரண்டில் எது காதைக் கிழிக்கும் என்று கேட்டால் வாடிக்கையாளர்கள் என்னைத்தான் கை காட்டுவார்கள். எனக்குக் கோபம் வந்தால் கத்துவேன், பயம் வந்தால் இன்னும் அதிகமாகக் கத்துவேன். இதை மறைத்தால் நான் சொல்லப்போகிற விஷயமே புரியாது.

அவர் நேர் எதிர். கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் மிச்சம். தொழிலில் மட்டும் இரண்டு பழக்கங்களை விடாப்பிடியாக வைத்திருக்கிறார். ஒன்று, எந்த வீட்டுக் கதவைத் திறக்கப் போனாலும் முதலில் மூன்று தட்டு தட்டி, "நான் பூட்டுக்காரன். கதவைத் திறக்கப் போறேன்" என்று உரக்கச் சொல்வார். வீட்டில் யாருமில்லை என்று சொந்தக்காரரே பக்கத்தில் நின்று சொன்னாலும் சொல்வார். கடை போட்ட புதிதில், ஆளில்லை என்று சொன்ன ஒரு வீட்டைச் சத்தமில்லாமல் திறந்திருக்கிறார். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த ஒரு வயசானவர் திருடன் என்று பதறி எழுந்து, கால் இடறி விழுந்து, இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து தட்டாமல், சொல்லாமல் எந்தக் கதவையும் திறந்ததில்லை.

இரண்டாவது பழக்கம்தான் என்னை வயிறெரிய வைப்பது. திறந்த இடத்தில் எதைப் பார்த்தாலும் வாயைத் திறக்க மாட்டார். அலமாரிக்குள் என்ன இருந்தது, பெட்டிக்குள் யார் போட்டோ இருந்தது, ஒன்றும் வெளியே வராது. நானும் மனுஷிதானே, எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை இருக்காதா? ஒருமுறை, அந்த மூணாவது தெரு வீட்டு அலமாரிக்குள்ளே என்னதான் இருந்தது என்று சோறு போடும்போது கேட்டேன். "பூட்டு இருந்துச்சு" என்றார். இத்தனைக்கும் அந்த மனிதருக்கு ஒருமுறை பார்த்தது எதுவும் மறக்காது. பத்து வருடத்துக்கு முன்னால் வெட்டிய சாவியின் எண்ணைக் கேட்டாலும் தூக்கத்தில் சொல்வார். அவ்வளவையும் உள்ளே போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார் என்பதுதான் என் ஆற்றாமை.

எங்களுக்கு ஒரே பெண். இருபத்து மூன்று வயசாகிறது, ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் போன் எடுத்துப் பதில் சொல்கிற வேலை. வீட்டில் இன்னும் பாப்பாதான். கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. ஊருக்கெல்லாம் பூட்டுப் போடுகிறவர் வீட்டில் வாசல் கதவைத் தவிர எந்தக் கதவிலும் பூட்டு இருந்ததில்லை. எல்லா அறைக்கும் வெறும் கொக்கி. பதினெட்டு வயதில் பாப்பா தன் அறைக்கு ஒரு பூட்டு வேண்டும் என்று கேட்டாள். நான் குதித்தேன். பெற்ற தாய்க்குத் தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்யப் போகிறாள் என்று கத்தினேன். அவர் இரண்டு மாதம் ராத்திரி பகல் பார்க்காமல் தானே ஒரு பூட்டைச் செய்து கொண்டுவந்து மாட்டினார். உள்ளேயிருந்து ஒருமுறை திருப்பிவிட்டால் வெளியே எந்தச் சாவியும் நுழையாது. துளை போட முடியாதபடி முன்னால் கெட்டியான எஃகுத் தகடு. வாய் திறக்காத மனிதர் அந்த ஒன்றுக்கு மட்டும் தெருவெல்லாம் பெருமை அடித்துக்கொண்டார். "நானே நினைச்சாலும் வெளியிலேர்ந்து திறக்க முடியாது" என்று டீக்கடை வரைக்கும் சொன்னார்.

அந்த அறையின் ஜன்னலுக்குக் கம்பி கிடையாது. மூணாவது மாடிக்கு எந்தத் திருடன் ஏறி வருவான் என்பது அவருடைய கணக்கு. உள்ளே வருகிறவனைப் பற்றியே யோசித்துப் பழகிய மூளை அது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அரை நாள்தான் கடை. இரண்டு மணிக்கு நான் மிஷினை மூடிவிட்டு மேலே வந்தேன். அவர் ஒரு சாவியை முடித்துவிட்டு வருவதாகச் சொன்னார். வீட்டுக்குள் நுழைந்தால் பாப்பா சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, கொட்டுகிற தண்ணீரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு என்றால் சாதாரணச் சிரிப்பு இல்லை, கண்ணில் நீர் வழிய வழிய. குழாயை மூடினேன். அவள் முகத்தைத் திருப்பினாள். பாப்பாவின் கண்மணி முழுசும் கறுப்பாக இருந்தது. சுற்றியிருக்கும் பழுப்பு வளையம் நூல் மாதிரி ஆகியிருந்தது.

"அம்மா, உன் புடவைப் பூவெல்லாம் மூச்சு விடுது" என்றாள்.

மேடைமேல் ஒரு காகிதப் பொட்டலம் பிரிந்து கிடந்தது. உள்ளே சுருங்கிப்போன தண்டுகள் நாலைந்து, காய்ந்த சருகு மாதிரி, ஒன்றிரண்டில் நீலம் பாய்ந்திருந்தது. இது என்ன என்று கேட்டேன். காளான் என்றாள். கூட வேலை செய்கிற பெண் கொடுத்தாளாம். மனசில் இருக்கிற பாரமெல்லாம் ஒரே நாளில் இறங்கிவிடும் என்றாளாம். "கொஞ்சம் சாப்பிட்டேன்மா. முக்கால் மணி நேரம் ஆச்சு, ஒண்ணுமே ஆகலை. சரின்னு இன்னும் நிறையச் சாப்பிட்டேன்." சொல்லிவிட்டு மறுபடி சிரித்தாள். சிரிக்கும்போதே குமட்டி, அங்கேயே வாந்தி எடுத்தாள்.

அந்த இடத்தில் நான் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறையத் தோன்றுகிறது. அவள் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினேன். புத்தி கெட்டுப் போச்சா, யாரடி கொடுத்தது, உன்னை இதுக்கா படிக்க வச்சோம் என்று கட்டடம் அதிரக் கத்தினேன். சொம்பில் உப்பைக் கரைத்து, வாந்தி எடு, எல்லாத்தையும் எடு என்று வாயில் ஊற்றப் போனேன். அவள் சிரிப்பு பட்டென்று நின்றது. என்னைப் பார்த்த பார்வையில் நான் அவள் அம்மாவாக இல்லை. எதுவாகத் தெரிந்தேனோ தெரியாது. சொம்பைத் தட்டிவிட்டு ஓடினாள். அறைக் கதவைச் சாத்தினாள். பூட்டு திரும்புகிற சத்தம் கேட்டது. அந்தப் பூட்டு அவ்வளவு நேர்த்தியாகச் செய்தது, ஒரே ஒரு 'டக்'தான்.

போன் எடுத்து அவரைக் கூப்பிட்டேன். என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. மூன்று மாடியையும் எப்படி ஏறினாரோ, மின் டிரில்லோடு வந்து நின்றார். முப்பத்தோரு வருடப் பழக்கம் அந்த நிமிஷம் எங்கே போனதோ, தட்டவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேராகப் பூட்டின் மேல் டிரில்லை வைத்து ஓட்டினார். எஃகுத் தகட்டில் பட்டு அது போட்ட சத்தத்தில் எனக்கே பல் கூசியது. உள்ளே பாப்பா வீறிட்டாள். ஏதோ நாற்காலி கவிழ்ந்தது. பிறகு ஜன்னல் கதவு படாரென்று திறந்து சுவரில் மோதுகிற சத்தம்.

இரண்டு பேரும் அப்படியே நின்றோம். அவர் கை டிரில்லிலிருந்து தானாக இறங்கியது. அவர் முகத்தில் நான் அப்படி ஒரு பயத்தை அதற்கு முன் பார்த்ததில்லை.

நான் அவசர எண்ணுக்குப் போன் போட்டேன். எடுத்தவர் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, விஷ முறிவுத் தகவல் மையத்துக்கு இணைப்பைத் திருப்பினார். ஒரு நர்ஸம்மா பேசினார். போனை ஒலிபெருக்கியில் போட்டுத் தரையில் வைத்தேன். நான் வழக்கம்போல உச்சத்தில் ஆரம்பித்தேன். அவர் நான் மூச்சு வாங்குகிற இடம் வரை காத்திருந்தார்.

"அம்மா, நான் சொல்றதைக் கேளுங்க. உங்க குரல் உள்ளே கேக்குது. நீங்க பயந்தா அவ ரெட்டிப்பா பயப்படுவா. மெதுவாப் பேசுங்க. எந்த மாடி?"

மூன்று என்றேன். ஜன்னலுக்குக் கம்பி இல்லை என்றேன். அவர் குரல் மாறவில்லை, ஆனால் பக்கத்தில் யாரிடமோ ஆம்புலன்ஸ் வண்டியை உடனே கிளப்பச் சொன்னது கேட்டது. முதலில் கீழே தெருவில் ஒருவரை நிறுத்தி ஜன்னலைப் பார்க்கச் சொல்லுங்கள், கூட்டம் சேர்க்காதீர்கள், அண்ணாந்து பார்த்துக் கத்தக் கூடாது என்றார். எங்கள் பக்கத்து வீட்டில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் இருக்கிறார். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எந்தச் சுவரில் கொண்டுபோய் முட்டினாலும் குரலை உயர்த்தாத மனிதர். அவரை அனுப்பினேன். ஒரு நிமிஷத்தில் அவரிடமிருந்து என் வீட்டுக்காரர் போனுக்குச் சேதி வந்தது. ஜன்னல் கட்டையில் உட்கார்ந்திருக்கிறாள், கால் உள்பக்கம்தான் இருக்கிறது.

நர்ஸம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். எத்தனை மணிக்குச் சாப்பிட்டாள், எவ்வளவு, வாந்தியில் ரத்தம் இருந்ததா, கூட மது ஏதாவது உண்டா. மிச்சமிருக்கிற துண்டுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு காகிதத்தில் மடித்து வைக்கச் சொன்னார். கொடுத்தவள் சொன்ன காளான்தானா என்று யாருக்கும் நிச்சயமில்லை, பார்வைக்கு அதே மாதிரி இருந்து இரண்டு நாள் கழித்து ஈரலைத் தின்கிற காளானும் உண்டு என்றார். உப்புத் தண்ணீர் கொடுக்கப் போனதைச் சொன்னேன். நல்லவேளை உள்ளே போகவில்லை, வாந்தி எடுக்க வைக்கவே வேண்டாம், பாலோ எலுமிச்சையோ தூக்க மாத்திரையோ எதுவும் வேண்டாம் என்றார்.

"வேற ஏதாவது மாத்திரை தினமும் சாப்பிடறாளா?"

"தலைவலிக்குக்கூட மாத்திரை போட மாட்டா மேடம், என் பொண்ணை எனக்குத் தெரியாதா" என்றேன்.

என் வீட்டுக்காரர் கதவுக்கு எதிரே குந்தியிருந்தார். நான் சொல்லி முடித்த பிறகும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிடறா" என்றார். "ஆறு மாசமா."

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் போனைப் பார்த்துச் சொன்னார். ஆறு மாதத்துக்கு முன்னால் அவள் மேஜை இழுப்பறைப் பூட்டு இறுகிக்கொண்டது, அதைத் திறந்து கொடுத்தபோது உள்ளே பார்த்தது, பிறகு எண்ணெய் விடப் போன ஒவ்வொரு முறையும் பார்த்தது. மாத்திரையின் பெயரை எழுத்துப் பிசகாமல் சொன்னார். அட்டையில் போட்டிருந்த எண்ணைச் சொன்னார். காலையில் ஒன்று ராத்திரியில் ஒன்று என்று எழுதியிருந்ததையும், எழுதிக் கொடுத்த மருத்துவமனையின் முத்திரை எந்த நிறம் என்பதையும்கூடச் சொன்னார்.

மனசு ஒரேயடியாக ஏறி ஒரேயடியாக விழுவதைச் சமன் பண்ணுகிற மாத்திரையாம் அது. என் பெண் ஆறு மாதமாக அதைச் சாப்பிடுகிறாள். இவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் இருக்கிறேன் கல்லுப் பிள்ளையார் மாதிரி, அதே வீட்டில், அதே அடுப்படியில். அவர் கழுத்தைப் பிடிக்க எனக்குக் கை துடித்தது. ஆனால் நர்ஸம்மாவின் குரல் அந்த மாத்திரையின் பெயரைக் கேட்டதும் வேகமாகிவிட்டதைக் கவனித்தேன். சண்டையைத் தொண்டையிலேயே நிறுத்திக்கொண்டேன். என் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

"நல்லவேளை சொன்னீங்க ஐயா. அந்த மாத்திரையும் இந்தக் காளானும் சேர்ந்தா வலிப்பு வரலாம். ஜன்னல்ல உக்காந்திருக்கும்போது வரக் கூடாது. அவளை உள்ளே இறக்கணும். கதவை எவ்வளவு அமைதியாத் திறக்க முடியுமோ அப்படித் திறங்க. பேசிக்கிட்டே இருங்க. பதில் நின்னுடுச்சுன்னா மட்டும் யோசிக்காம உடைச்சுடுங்க."

அவர் டிரில்லை மாடிப்படிக்கு அந்தப் பக்கம் தள்ளி வைத்தார். கீழே போய்க் கையால் சுற்றித் துளை போடுகிற பழைய கருவியையும் ஒரு குறுகிய ரம்பத்தையும் எடுத்துக்கொண்டு வந்தார். பூட்டைத் தொட முடியாது. அதைத்தான் ஐந்து வருடமாகப் பீற்றிக்கொண்டிருந்தாரே. சுற்றியிருக்கிற மரத்தைத் தொடலாம். பூட்டைச் சுற்றி வட்டமாகத் துளை போட்டு, துளைகளை ரம்பத்தால் இணைத்து, பூட்டை மரத்தோடு பெயர்த்தெடுப்பது என்று முடிவு செய்தார். துளைக்கும் முனையில் மெழுகைத் தேய்த்தார். பிறகு கதவுக்கு முன்னால் முழங்காலிட்டு, வாயைக் கீழ் இடுக்குக்குக் கொண்டுபோய், விரல் முட்டியால் மூன்று தட்டு தட்டினார்.

"பாப்பா, அப்பாதான். கதவைத் திறக்கப் போறேன். கர கரன்னு ஒரு சின்னச் சத்தம் வரும். அது என் கைதான். பயப்படாதே."

உள்ளேயிருந்து மெல்லிய குரலில், சுவரெல்லாம் கிட்டே வருதுப்பா என்றாள். நர்ஸம்மா சொல்லிக் கொடுத்ததை அவர் அப்படியே சொன்னார். சுவர் வரவில்லை என்று வாதாடவில்லை. நீ சாப்பிட்டது அப்படிக் காட்டுது, கொஞ்ச நேரத்தில் இறங்கிடும், நீ தனியா இல்லை, அப்பா இங்கேதான் இருக்கேன் என்றார். ஒரு துளை. அடுத்த துளைக்கு முன்னால் மறுபடி, "இன்னொரு சத்தம் வரும்மா." ஒவ்வொரு துளைக்கும் சொன்னார். ஆறு வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போல் பேசாத மனிதர் தரையில் படுத்துக்கொண்டு நிறுத்தாமல் பேசினார். அவள் சின்ன வயதில் சாவிக்கொத்தைக் கடித்துக் கடித்துப் பல் முளைத்த கதை, அவருடைய முதல் பூட்டு பாதியில் கழன்று விழுந்த கதை, அவளுக்குப் பிடிக்குமே என்று என்னைப் பற்றிய கேலிக் கதைகள். நான் கத்திக் கத்தி ஒரு வாடிக்கையாளரின் காது கேட்கும் கருவியைக் கழற்ற வைத்த கதையைச் சொன்னார். உள்ளே ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது.

"பாப்பா, ஜன்னல் கட்டை வெயில்ல சுடும். தரையில உக்காந்துக்கிறியா? அங்கே உக்காந்தா என் குரல் நல்லாக் கேக்கும்."

தெருவிலிருந்து சேதி வந்தது, ஜன்னலில் இப்போது ஆள் தெரியவில்லை. அந்தச் சேதி எப்படி வந்தது பாருங்கள், 'தெரியவில்லை' என்று மட்டும். எனக்கு ஒரு கணம் உயிர் போய்விட்டது. பிறகு அடுத்த வரி, உள்ளேதான் இறங்கினாள்.

பதினேழு துளை போட்டுவிட்டார். இன்னும் நாலு பாக்கி. பாப்பா என்று கூப்பிட்டார். பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். உள்ளே மூச்சிரைப்பு மட்டும் வந்தது, நாய் இரைக்கிற மாதிரி. அவர் எழுந்தார். அந்த நிலையிலும் மூன்று தட்டு தட்டினார். "அப்பா உள்ளே வரேன்மா" என்று சொல்லிவிட்டுத் தோளால் ஒரே இடி. அவர் செய்ததிலேயே சிறந்த பூட்டு, மரத்தோடு பெயர்ந்து உள்ளே விழுந்தது.

ஜன்னலுக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் செக்கச் செவேலென்று இருந்தது. தாடை இறுகியிருந்தது. தொட்டால் உடம்பு கொதித்தது. நர்ஸம்மா ஜன்னலைச் சாத்தச் சொன்னார், கட்டிப் பிடிக்காதீர்கள், கூட உட்காருங்கள், கனமான துணியை விலக்கி ஈரத் துணியால் துடையுங்கள் என்றார். நான் துண்டை நனைத்துக்கொண்டு வந்தேன். கழுத்தில் வைத்த அடுத்த நிமிஷம் அவள் உடம்பு விறைத்தது. கண் மேலே செருகியது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

நான் அலறவில்லை. எப்படி அலறாமல் இருந்தேன் என்று எனக்கே தெரியாது. என் வீட்டுக்காரர், அவள் நாக்கைக் கடித்துக்கொள்வாளோ என்று பயந்து, கருவிப் பையில் இருந்த தட்டை உளியைத் துணியில் சுற்றி அவள் பல்லுக்கிடையில் வைக்கப் போனார்.

"வாயில எதுவும் வைக்காதீங்க" என்றது போன். "பிடிச்சு அமுக்காதீங்க. தலைக்குக் கீழே மெத்துன்னு ஏதாவது. பக்கத்துல இருக்கிற சாமானைத் தள்ளுங்க. யாராவது மணியைப் பாருங்க."

நான் மணியைப் பார்த்தேன். என் பெண் துடிக்கிறாள், நான் வினாடி முள்ளைப் பார்க்கிறேன். ஒரு நிமிஷம் நாற்பது வினாடி. அதைவிட நீளமான ஒன்றை நான் வாழ்ந்ததில்லை. நின்றதும் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். வாயோரம் வழிந்ததைத் துடைத்தோம். மூச்சு வருகிறதா என்று நர்ஸம்மா கேட்டுக்கொண்டே இருந்தார், நான் அவள் விலாவில் கையை வைத்து ஒவ்வொரு மூச்சாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். இருபதாவது மூச்சிலோ முப்பதாவது மூச்சிலோ வண்டிக்காரர்கள் மாடிப்படியில் ஏறுவது கேட்டது.

மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். ஊசி போட்டார்கள், உடம்புச் சூட்டை இறக்கினார்கள், நெஞ்சில் ஒயர் ஒட்டி இதயத்தைக் கவனித்தார்கள். காகிதப் பொட்டலத்தை வாங்கிச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஈரலுக்காக மறுபடி மறுபடி ரத்தம் எடுத்தார்கள், கோளாறு ஒன்றும் தெரியவில்லை. இளம் டாக்டர் ஒருவர் என்னென்ன சாப்பிட்டாய் என்று பாப்பாவிடம் நேராகவே கேட்டார், யாரும் யாரையும் திட்டப் போவதில்லை, எங்களுக்கு உண்மை மட்டும் வேண்டும் என்றார். அந்த மாத்திரையின் பெயரை முதலிலேயே சொன்னதால்தான் வண்டியில் வருகிறபோதே சரியான மருந்தைக் கையில் வைத்திருந்தார்களாம். வழியில் இரண்டாவது முறை வலிப்பு வந்தபோது அது உடனே நின்றதற்கு அதுதான் காரணம் என்றார்.

முதல் நாள் சாயங்காலம் வார்டுக்கு வெளியே பெஞ்சில் அவரைக் கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன், மருத்துவமனை இல்லையா. ஏன் என்னிடம் சொல்லவில்லை?

"சொல்லாதேன்னு அவ கேக்கலை. பழக்கம். பார்த்ததைச் சொல்றதில்லை" என்றார். பிறகு, "சொந்த வீட்டையும் வாடிக்கை வீடு மாதிரி நினைச்சுட்டேன்" என்றார். அழுதார். திருமணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. திட்டுவதற்கு நான் சேர்த்து வைத்திருந்த அத்தனையும் அங்கேயே கரைந்துபோயிற்று.

பாப்பாவிடமும் கேட்டேன். அம்மாகிட்ட ஏன்டி சொல்லலை? அவள் போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டு, "நீ கத்துவேம்மா" என்றாள். உண்மையைத்தான் சொன்னாள். கேட்டபோதுகூட என் குரல் பக்கத்துக் கட்டில் வரை போயிருந்தது.

இப்போது மாத்திரை அட்டை சமையலறை அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலையில் ஒன்று, ராத்திரியில் ஒன்று. மாதம் ஒருமுறை டாக்டரிடம் நானும் கூடப் போகிறேன், அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். காளான் கொடுத்த பெண்ணைத் தேடிப் போய் நாலு கேள்வி கேட்கலாம் என்று கிளம்பினேன். பாப்பா தடுத்துவிட்டாள். அவளுக்கே தெரியாதும்மா, நல்லது செய்யறதா நினைச்சா, நானே சொல்லிக்கறேன் என்றாள். சொல்லியிருக்கிறாள்.

ஜன்னலுக்குக் கம்பி போட்டாயிற்று. கதவில் மட்டும் இரண்டு வாரம் அந்த ஓட்டை அப்படியே இருந்தது, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு. நான் போகிறபோதும் வருகிறபோதும் அதன் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தூங்கினால் மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். ஒருநாள் பாப்பா உள்ளேயிருந்து என் கண்ணுக்கு நேரே தன் கண்ணை வைத்தாள். நான் பதறி விழுந்தேன். அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் புதுப் பூட்டு கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். எதுவும் சொல்லாமல் மூடிக்கொண்டேன்.

"இந்தத் தடவை வெளியிலேர்ந்தும் திறக்கற மாதிரி செய்ங்கப்பா" என்றாள்.

நாலே நாளில் செய்தார். சாதாரணப் பூட்டு, பெருமைப்பட ஒன்றுமில்லை. வெளியிலிருந்து திறக்க ஒரே ஒரு சாவி வெட்டினார். அதை என் தையல் மிஷின் மேல் கொண்டுவந்து வைத்தார். இரண்டு சாவி வெட்டி ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்டேன்.

"வேணாம். உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். "நான் திறந்து பார்த்தா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறேன். அவள் அறைப் பக்கம் போகும்போதெல்லாம் மூன்று தட்டு தட்டி, "அம்மாதான்" என்று சொல்கிறேன். மெதுவாகத்தான் சொல்கிறேன். இதுவரை ஒவ்வொரு முறையும் அவளே வந்து திறந்திருக்கிறாள்.